பொதிக்குள் தொலைந்த இடைவெளிகள்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் மாமாவுக்காக, பறித்த பழத்தின் எடையையும் கூலியையும் கணக்கிடும் சிறு நிரல் ஒன்றை எழுதி, அதை டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவத்தக்க பொதியாகக் கட்டும் ஷெல் ஸ்கிரிப்ட்டையும் (ஷெல் என்னும் கட்டளை இயக்கி வரிசையாக நிறைவேற்றும் கட்டளைக் கோப்பு) சேலத்தில் என் வீட்டிலிருந்தே எழுதினேன். நிறுவும் சாளரத்தைத் திறந்தவர், "மாப்பிள்ளை, எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கு, நடுவுல ஏதோ ஃபைல் பேரெல்லாம் வருது" என்றார். பொதியின் விளக்கத்தில் நெடுவரிசையாக நான் அமைத்திருந்த, நிரலின் கட்டளைப் பட்டியலைத்தான் அவர் சொன்னார்.

முதற்பிழை என்னுடையது. அந்த விளக்கத்தைத் தாங்கிய மாறியை இரட்டை மேற்கோள்குறிக்குள் வைக்காமல், உரையை அச்சிடும் எக்கோ கட்டளையிடம் கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் ஷெல் அதை இடைவெளி, டேப், வரிமுறிவு ஆகியவை வரும் இடங்களிலெல்லாம் உடைத்துத் தனித்தனிச் சொற்களாக்குகிறது. எக்கோ அவற்றை ஒற்றை இடைவெளியால் கோத்து அச்சிடுகிறது. வரித் தொடக்கத்தில் அழகுக்காக நான் இட்ட உடுக்குறியோ (*) அந்த அடைவிலுள்ள கோப்புப் பெயர்களாக விரிந்துவிட்டது.

மேற்கோள்குறி இட்ட பின்னும் தொல்லை தீரவில்லை. வரிவரியாக வாசிக்கும் ரீட் கட்டளை, எந்தெந்தக் குறிகளில் சொல் பிரிய வேண்டும் என்று சொல்லும் ஐஎஃப்எஸ் மாறியை வெறுமையாக்காவிட்டால் வரியின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை உதிர்த்துவிடும். அதற்கு ஆர் விருப்பம் (-r) தராவிட்டால் பின்சாய்கோட்டையும் (\) விழுங்கிவிடும். பேஷ் என்னும் ஷெல்லில் சோதித்தபோது ஒழுங்காக இருந்த வரி, எஸ்எச் (sh) என்ற பெயரில் அழைக்கப்படும் ஷெல் வழியே ஓடியபோது பாதியில் முறிந்தது. டெபியனில் 2011இல் வெளிவந்த ஸ்குவீஸ் பதிப்பு முதல் எஸ்எச் என்பது இயல்பாக டேஷ் என்னும் வேறொரு ஷெல்தான். அதன் எக்கோ, பின்சாய்கோட்டை அடுத்து 'n' எழுத்து வந்தால் அதை வரிமுறிவாகவே எடுத்துக்கொள்கிறது. எக்கோவை விட்டு, அச்சிடும் இன்னொரு கட்டளையான பிரிண்ட்எஃப்புக்கு மாறினேன்.

இத்தனைக்குப் பிறகும் பட்டியல் பத்தியாகவே தெரிந்தது. இம்முறை ஷெல்லைக் குற்றம் சொல்வதற்கில்லை. பொதியின் பெயர், விளக்கம் முதலியவற்றைத் தாங்கும் கன்ட்ரோல் கோப்பின் நீள்விளக்கத்தில் ஓரிடைவெளியுடன் தொடங்கும் வரிகள் பத்தியின் பகுதியாகக் கருதப்பட்டு மடித்துக் காட்டப்படும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடைவெளிகளுடன் தொடங்குபவையே உள்ளபடி நிற்கும். வெற்றுவரி வேண்டுமானால் ஓரிடைவெளியும் ஒரு புள்ளியும் இட வேண்டும். விதி எளியதுதான், அதை முதலில் படித்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

இப்போது விளக்கம் தனிக் கோப்பில் இருக்கிறது. எந்த மாறிக்குள்ளும் அது நுழைவதில்லை. வெற்றுவரிகளில் புள்ளியிட்டு, ஒவ்வொரு வரிக்கும் முன் ஓரிடைவெளி சேர்க்கும் வேலையை, உரையை வரிவரியாகத் திருத்தும் செட் (sed) கட்டளை செய்கிறது. பட்டியல் வரிகளுக்குக் கோப்பிலேயே ஓரிடைவெளி இருப்பதால் அவை இரண்டாகின்றன. தமிழ் எழுத்துகள் திரையில் ஒரே அகலத்தில் அமைவதில்லை என்பதால், கட்டளைகளை இடப்பக்கமும் தமிழ் விளக்கங்களை வலக்கடைசியிலும் வைத்திருக்கிறேன்.