செட்டிங்ஸ் கோப்பு எங்கே இருக்க வேண்டும்

குலசேகரத்தில் ரப்பர் பால் எடுக்கும் கடைக்கும் தோவாளையில் பூ எடுக்கும் கடைக்கும் ஒரே பைத்தான் பில்லிங் நிரலைக் கொடுக்க முடியும். எடை, விலை, பில் மூன்றும் இரண்டுக்கும் பொது. மற்றதெல்லாம் கடைக்குக் கடை மாறும். ரப்பர் பாலுக்கு எடையோடு டிஆர்சி எனும் உலர் ரப்பர் சதவீதத்தையும் பெருக்க வேண்டும். ஒரு கடையில் 58 மில்லிமீட்டர் பிரிண்டர், இன்னொன்றில் 80. மின்தராசு ஒரு கம்ப்யூட்டரில் காம்3 போர்ட்டில் இருக்கும், அடுத்ததில் காம்5. இவற்றை நிரலுக்குள்ளேயே எழுதினால் கடைக்கு ஒரு பதிப்பு பிறந்துவிடும். பிறகு எந்தத் திருத்தம் எந்தக் கடைக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே இப்படி மாறும் மதிப்புகளை மட்டும் எழுதிவைக்க செட்டிங்ஸ் கோப்பு ஒன்று வைக்கிறோம். அதுவரை எல்லோரும் சரியாகவே வருகிறார்கள். கோப்பை, நிரலைக் கட்டிக்கொடுக்கும் பொதியான பேக்கேஜுக்குள் வைத்து, கடைக்காரரை அங்கேயே திருத்தச் சொல்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இன்ஸ்டால் ஆனபின் அந்தக் கோப்பு, பைத்தான் பேக்கேஜ்களைப் போட்டுவைக்கும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். அடுத்த பதிப்பைப் போடும்போது பைத்தானின் இன்ஸ்டால் கருவியான பிப், பழைய பதிப்பு எந்தெந்தக் கோப்புகளை வைத்தது என்று சொல்லும் ரெக்கார்ட் பட்டியலில் உள்ள கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டுப் புதியவற்றை வைக்கும். நடுவில் யாராவது திருத்தினார்களா என்று அது பார்ப்பதில்லை. எர்ரர் எதுவும் வராது. காலையில் பால் கொண்டுவருகிறவருக்குப் பழைய விலையில் பில் போகும், சாயங்காலம் கணக்கு உதைக்கும்.

பேக்கேஜுக்குள் இருக்க வேண்டியது டீஃபால்ட் மதிப்புகள், அதாவது கடைக்காரர் எதுவும் எழுதாதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்புகள் மட்டும். அதை, பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்பைப் படிக்கப் பைத்தானே தரும் இம்ப்போர்ட்லிப் ரிசோர்சஸ் வழியாகப் படிக்க வேண்டும், அதில் எழுதவே கூடாது. கடையின் கோப்பு வெளியே இருக்கட்டும்: விண்டோஸில் புரோகிராம்டேட்டா ஃபோல்டர், லினக்ஸில் ஈடிசி அல்லது அந்தப் பயனரின் கான்ஃபிக் ஃபோல்டர். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் வைத்தால் சாதாரண லாகினில் சேவ் செய்யவே விடாது. பாஸ்வேர்டு போன்றவை கோப்புக்கு வெளியே, இயங்குதளம் நிரலுக்குக் கொடுக்கும் என்விரான்மென்ட் வேரியபிளில் வரலாம். டீஃபால்ட், அதற்கு மேல் கடைக் கோப்பு, அதற்கும் மேல் என்விரான்மென்ட் என்ற வரிசையில் ஒன்றை ஒன்று மீற வேண்டும்.

இந்த அடுக்குகள் நிரலுக்குள் டிக்ஷனரிகளாக, அதாவது கீ எனும் பெயரும் அதன் மதிப்புமாக இருக்கும். அவற்றைச் சேர்க்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. டிக்‌ஷனரியின் அப்டேட்டை அப்படியே கூப்பிட்டால் உள்ளே இருக்கும் டேபிள், அதாவது பிரிண்டர் போன்ற ஒரு பகுதி, முழுசாக மாற்றப்படும். கடைக்காரர் பிரிண்டர் பகுதியில் அகலம் 80 என்ற ஒரு வரியை மட்டும் எழுதியிருப்பார். டீஃபால்ட்டில் இருந்த போர்ட்டும் வேகமும் காணாமல் போய்விடும். உள்ளே இறங்கி, கீ ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

வெளியே இருக்கும் கோப்பை முதலில் யார் உருவாக்குவது? வீல் என்பது பேக்கேஜை இன்ஸ்டால் செய்யத் தயாராகக் கட்டிய ஒரு ஜிப் கோப்பு. பிப் வீலை இன்ஸ்டால் செய்யும்போது நம் நிரல்வரி எதையும் ஓட்டாது. கோப்புகளை அதனதன் இடத்தில் வைப்பதோடு சரி. பேக்கேஜைக் கட்டும் செட்டப் கோப்பில், இன்ஸ்டால் ஆனபின் ஓடட்டும் என்று போஸ்ட்-இன்ஸ்டால் எழுதியும் பயனில்லை. ஆகவே முதல் முறை ஓடும்போது, கோப்பு இல்லையென்றால் மட்டும், விளக்கக் குறிப்புகளோடு ஒரு மாதிரிக் கோப்பை நிரலே அங்கே வைக்கட்டும். இருந்தால் தொடக்கூடாது.

கோப்பு வடிவத்துக்கு, பெயரும் மதிப்புமாக எழுதும் எளிய டாம்ல் போதும். அதைப் படிக்கும் டாம்ல்லிப், பைத்தான் 3.11 முதல் கூடவே வருகிறது. ஆனால் அது படிக்கும், எழுதாது. கடைகளில் இன்னும் ஓடும் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களில் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. அங்கே அதே வேலையைச் செய்யும் டாம்லி பேக்கேஜைச் சேர்த்துக்கொள்ளலாம். விலையை மேற்கோள் குறிக்குள் "182" என்று எழுதினால் அது எண் அல்ல, எழுத்துச்சரம். எடை 12.5 என்றால் நிரல் நின்றுவிடும், அது நல்லது. எடை முழு எண் 3 என்றால் பைத்தான் அதை மூன்று முறை ஒட்டி 182182182 என்று தரும். தொடங்கும்போதே ஒவ்வொரு மதிப்பின் வகையையும் வரம்பையும் சோதித்து, தவறு என்றால் கோப்பின் முழுப் பாதையோடு தமிழில் சொல்லிவிட்டு நிற்பதே முறை. இரட்டை மேற்கோளுக்குள் விண்டோஸ் பாதையை எழுதினால் பேக்ஸ்லாஷ் வேறு வேலை செய்யும். ஒற்றை மேற்கோள் போடச் சொல்லி மாதிரிக் கோப்பிலேயே எழுதிவிடலாம்.

நோட்பேடையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடைக்காரர் கோப்பைத் திருத்துவது பெரும்பாலும் அதில்தான். பழைய நோட்பேடு ஆன்சி எனும் பழைய எழுத்துக் குறியீட்டில் சேவ் செய்தால் தமிழில் அடித்த கடைப் பெயர் கேள்விக்குறிகளாகிவிடும். யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் கோப்பின் முன்னால் பிஓஎம் எனும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். டாம்ல்லிப் முதல் வரியிலேயே தடுக்கி விழும். பைட்டாகப் படித்து யுடிஎஃப்-8-சிக் என்று டீகோட் செய்து கொடுத்தால், பிஓஎம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும்.

மலையோரம், கடையால் ஊர்ப் பக்கம் நெட் இல்லாத கடை என்றால் பென்டிரைவ்தான். பிப் டவுன்லோடில் அந்தக் கடையின் பைத்தான் பதிப்பையும் வின்-ஏஎம்டி64 என்ற பிளாட்ஃபாரத்தையும் குறிப்பிட்டு, பைனரி மட்டும் என்று சொல்லி வீல்களை எடுக்க வேண்டும். அங்கே, நெட்டில் தேடாதே என்று நோ-இன்டெக்ஸும், வீல்கள் இந்த ஃபோல்டரில் என்று ஃபைண்ட்-லிங்க்ஸும் கொடுத்து இன்ஸ்டால் செய்யலாம். வீல் பெயரில் சிபி311 என்றிருந்தால் அது பைத்தான் 3.11-க்கானது, 3.12-இல் பெரும்பாலும் ஏறாது. நம் கம்ப்யூட்டரில் செய்த வென்வ் ஃபோல்டரை (ஒரு நிரலுக்கென்று தனியாகப் பிரித்துவைத்த பைத்தான் சூழல்) அப்படியே காப்பி செய்து கொண்டுபோகக் கூடாது. அதற்குள் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும். டெபியன் 12 லினக்ஸில் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நுழைய விடாது. அதை மீறும் ஃபிளாக் உண்டு, ஆனால் வென்வ் போடுவதே ஒழுங்கு.

கிளம்பும் முன் வீலை ஜிப்பாகத் திறந்து டீஃபால்ட் கோப்பு உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிரல் அல்லாத கோப்புகளில் எவை வீலுக்குள் போக வேண்டும் என்று சொல்லும் பேக்கேஜ்-டேட்டாவில் அதைச் சேர்க்க மறந்தாலும் நம் மேசையில் எல்லாம் ஓடும், கடையில் ஓடாது. சோதனையை சோர்ஸ் ஃபோல்டருக்கு வெளியே, புதிய வென்வில் செய்ய வேண்டும். பிறகு பழைய பதிப்பைப் போட்டு, கடைக் கோப்பில் விலையை மாற்றி, புதிய பதிப்பை ஏற்றி, அந்த விலை அப்படியே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடையிலிருந்து போன் வந்தால் "பிரிண்டு வரல்ல" என்று மட்டும்தான் சொல்வார்கள். அதற்காகவே இப்போது நடப்பில் உள்ள எல்லா மதிப்புகளையும், ஒவ்வொன்றும் டீஃபால்ட்டிலிருந்தா, கடைக் கோப்பிலிருந்தா, என்விரான்மென்டிலிருந்தா என்ற குறிப்போடு காட்டும் ஒரு கமாண்டை நிரலில் சேர்த்துவிடுகிறோம். பாஸ்வேர்டை மட்டும் அது மறைத்துக் காட்டும். திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், போர்ட் மாறியிருக்கிறதா, கோப்பின் பெயர் கடைசியில் டாட் டிஎக்ஸ்டி என்று ஆகி நிரல் அதைப் படிக்கவே இல்லையா என்று நாகர்கோவிலில் இருந்தபடியே பார்த்துச் சொல்லிவிடலாம்.