கட்டில் சட்டத்தில் ஒரு தறி

அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் தங்கும் எங்கள் ஹோமில் வருடத்துக்கு நூறு பிறந்தநாளாவது கொண்டாடுவோம். அங்கே தங்கியிருந்த பையன்களின் பிறந்தநாள் அதில் ஒன்றோ இரண்டோ இருந்திருக்கும். மற்றதெல்லாம் மில் முதலாளியின் பேத்திக்கு, பனியன் கம்பெனிக்காரர் மகனுக்கு, கோழிப்பண்ணை வைத்திருப்பவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு. கேக் வெட்டுவார்கள், பையன்கள் கைதட்டுவார்கள், ஃபோட்டோ எடுத்ததும் பிரியாணி வரும். திதி என்றால் வடை, பாயசம், லட்டு.

பையன்கள் என்கிறேன். மூத்தவருக்கு அப்போதே நாற்பத்தாறு வயது. ஹோமில் எல்லோரும் பையன்தான். அந்தப் பேச்சுப் பழக்கத்தை நான் இன்னும் விடவில்லை, விட்டிருக்க வேண்டும்.

கொடுப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டுக்கு வந்த ஒரம்பரையை வெறும் வயிற்றோடு அனுப்பாத ஊர் இது. ஆனால் வாரத்தில் நான்கு நாள் விருந்து என்றால் எந்த வயிறு தாங்கும்? பாதிப் பேர் ஆவேசத்தை அடக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறவர்கள். அந்த மாத்திரையே பசியைக் கிளப்பும், உடம்பைக் கனக்க வைக்கும். அதற்கு மேல் ஜிலேபி. வயிறு கட்டிக்கொண்டால் அதைச் சொல்ல வார்த்தை இல்லாதவர்கள் கையைக் கடித்துக்கொள்வார்கள், பக்கத்தில் இருப்பவரை அடிப்பார்கள். நாங்கள் அதை நோட்டில் ‘கோபம்’ என்று எழுதுவோம். அரிசிம்பருப்பு சாதம் மட்டும் சமைத்த நாட்களில்தான் ஹோம் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

ஒருமுறை துணிந்து ஒரு பெரியவரிடம் கேட்டேன். “ஐயா, இந்த வருசம் சாப்பாட்டுக்குப் பதிலா ஒரு ஆயாவுக்கு மூணு மாசச் சம்பளம் கொடுக்கலாங்களா?” அவர் யோசித்தார். நல்ல மனிதர், மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனில் அவருடைய அப்பா பெயர்தான் எழுதியிருந்தது. “சம்பளங்கிறது நீங்க கொடுக்க வேண்டியதுங்களே அம்மிணி. நான் கொடுத்தா அதை எங்கன்னு எழுதறது?” என்றார். அது ஒன்றும் கஞ்சத்தனம் இல்லை. ஃபேனில் பெயர் எழுதலாம், கிரானைட்டில் எழுதலாம், ஆயாவின் மேல் எழுத முடியாதே.

நான் சிறப்புக் கல்வியில் டிப்ளமோ முடித்து 2011-ல் அங்கே சேர்ந்தேன். பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில், சுற்றிலும் காற்றாலைகள். கட்டடம் பளிச்சென்று இருக்கும். இருபத்தாறு பேர், பகலில் நாலைந்து பேர் பார்த்துக்கொள்வோம், ராத்திரிக்கு ஒரே ஒரு ஆயா. ஆய்வுக்கு வருகிறவர்கள் கட்டில்களை எண்ணுவார்கள், தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்ப்பார்கள், கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் எரிந்து போனார்கள். அதற்கப்புறம் பூட்டையும் சங்கிலியையும் தேடிப் பார்க்காமல் இருந்தால்தான் தப்பு. ஆனால் ராத்திரி ஆயா அங்கே எத்தனை வருடமாக இருக்கிறார் என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் ராத்திரி ஆயா சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் தார் சுற்றியவர், அதாவது நெசவுக்கு நூல் சுற்றிக் கொடுத்தவர். பஞ்சடைந்து மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தார். படிப்பு நான்காவது. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சர் என்பார், பையன்கள் எல்லோரையும் சாமி என்பார்.

2012-ல் ஒரு பையன் வந்தான். அவனும் சோமனூர்தான், அதனால் அவனுக்குச் சோமனூரான் என்றே பெயர் வந்துவிட்டது. வயது பத்தொன்பது, பேச்சு கிடையாது. அடையாள அட்டையில் மனவளர்ச்சி குன்றியவர் என்று போட்டிருந்தது. 1995-ம் வருடச் சட்டத்தில் இருந்த ஏழு வகையில் ஆட்டிசம் கிடையாது. 2016-ல் வந்த புதுச் சட்டம் இருபத்தொன்றாக ஆக்கியபோதுதான் அது சேர்ந்தது. அதனால் அட்டையைப் பார்த்து அவனைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ராத்திரி தூங்க மாட்டான். பகலில் துணி துவைக்கும் ரூமுக்கு ஓடிப்போய் வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கேயே தலை சாய்ந்து தூங்கிவிடுவான். நாங்கள் இழுத்துக்கொண்டு வருவோம். அவன் கத்துவான். நோட்டில் ‘அடம்’.

அக்காதான் நாலாவது நாள் சொன்னார். “டீச்சர், அவங்க வீட்ல தறி ஓடுமுங்க. பொறந்ததுல இருந்து அந்தச் சத்தத்துலயே தூங்குன புள்ளைங்க. இங்க சத்தமே இல்லாம எப்படிங்க தூக்கம் வரும்?”

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். உண்மைதான். கூலிக்கு நெய்யும் நான்கு தறி, சுவருக்கு அந்தப்பக்கம் இரண்டு ஷிப்ட்டும் ஓடும். கரண்ட் போய்த் தறி நின்றால் அவன் எழுந்து உட்கார்ந்துகொள்வானாம். அது தமிழ்நாடு முழுக்க மின்வெட்டில் தவித்த வருடம். தறியும் ஓடவில்லை, கூலியும் இல்லை, பையனும் தூங்கவில்லை. அதனால்தான் ஹோமுக்கு வந்தான். அந்த அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல.

அவன் கட்டிலைத் துவைக்கும் ரூம் சுவரை ஒட்டிப் போட்டோம், ராத்திரியில் மெஷினை ஓடவிட்டோம். ஆனால் கரண்ட் போகுமே. அப்போது அக்கா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து இரும்புக் கட்டிலின் சட்டத்தில் விரலால் தட்டுவார். தறிச்சத்தம்தான். நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா இந்தப்பக்கம் போகிறது, அந்தப்பக்கம் வருகிறது, நடுவில் ஒரு அடி. ஐந்து நிமிடத்தில் அவன் தூங்கிவிடுவான். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அது பிடித்துப்போனது.

அடுத்த வருடம் தீபாவளி முடிந்ததும் அக்கா நின்றுவிட்டார். திருப்பூர்க் கம்பெனி வேன் அவர் ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். செக்கிங் வேலை, ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் சனிக்கிழமை சம்பளம் கையில். எங்களால் கொடுக்க முடிந்ததைவிட நன்றாகவே அதிகம். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். போகாதீங்க என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நானும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் ராத்திரிக்கு ஐந்து பேர் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கக் கூடாது, வாயில் ஸ்பூனை வைக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் வண்டியைக் கூப்பிடு. தலையாட்டுவார்கள். நிஜமாக வலிப்பு வரும்போது கை தானாக இரும்பைத் தேடும். சின்ன வயதிலிருந்து பார்த்த பழக்கம் ஒரு மணி நேர வகுப்பில் போய்விடுமா? மாதக்கணக்கில் பழகினால் போகும். அதற்குள் ஆள் மாறிவிடுவார்.

இனி சொல்வது என் தப்பு.

தை மாதத்தில் சோமனூரான் தலையைச் சுவரில் முட்ட ஆரம்பித்தான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான். புதிதாக வந்தவர்களுக்கு அவனைத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ‘அடம் அதிகம், தலையை முட்டுகிறான், சாப்பிட மறுக்கிறான்’ என்று எழுதி டாக்டரிடம் கொண்டுபோனேன். அவருக்கு இருந்தது என் எழுத்து மட்டும்தான். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். பையன் சோர்ந்து கிடந்தான், கண் விழித்தால் மறுபடி முட்டினான். இப்படி ஒன்பது நாள்.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. கல்யாணப் பத்திரிகை வைக்க அக்கா வந்தார், கையில் முறுக்குப் பொட்டலம். சோமனூரானுக்கு முறுக்கு என்றால் உயிர். வாங்கினான், மூக்கில் வைத்து மோந்தான், மடியில் வைத்துக்கொண்டான். கடிக்கவில்லை. அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங் டீச்சர், வாய்க்குள்ள பாத்தீங்ளா?”

பார்க்கவில்லை. கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கிச் சீழ் பிடித்திருந்தது.

பேச முடியாதவர் திடீரென்று தன்னையே அடித்துக்கொண்டால் முதலில் பல்லைப் பார், காதைப் பார், வயிறு கட்டியிருக்கிறதா பார் என்று டிப்ளமோவில் படித்திருக்கிறேன். பரீட்சையிலும் எழுதியிருப்பேன். ஆனால் நோட்டில் அடம் என்று ஒரு முறை எழுதிவிட்டால் அதற்கப்புறம் கண் வேறு எதையும் பார்ப்பதில்லை. பல்லைப் பிடுங்கிய மூன்றாம் நாள் அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். கூட்டிய மாத்திரையைக் குறைக்க அப்புறம் இரண்டு மாதம் ஆனது.

அவன் அம்மாவிடம் போனில் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். “போச்சாதுங்க டீச்சர், நீங்க பாத்துக்கறதே பெருசுங்க” என்றார். திட்டியிருந்தாலே நன்றாக இருந்திருக்கும். எங்கள் புகார்ப் பெட்டி எப்போதும் காலிதான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். தாராபுரத்துக்காரர் ஒருவர் மட்டும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்: “குத்தம் சொன்னா கூட்டிட்டுப் போங்கன்னுடுவீங்க. எனக்கு எழுபத்திரண்டுங்க. எங்க கூட்டிட்டுப் போறது?” கலெக்டர் தலைமையில் இருக்கும் குழுவிடம் மனுப் போட்டு மகனுக்குச் சட்டப்படி கார்டியன் சான்று வாங்கிய, விவரம் தெரிந்த மனிதர் அவர். அவரே இப்படி என்றால் மற்றவர்கள் வாயைத் திறப்பார்களா? பெட்டி காலியாக இருந்ததற்குக் காரணம் அந்த பயம்தான், எங்கள் கவனிப்பு இல்லை.

பல் விஷயத்துக்குப் பிறகு ஆளுக்கு ஒரு நோட்டுப் போட்டேன். இங்கிலாந்தில் இப்படிப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு கொண்டுபோக ‘மருத்துவமனை பாஸ்போர்ட்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். பிடித்தது, பிடிக்காதது, வலித்தால் எப்படிக் காட்டுவார், இதெல்லாம் அதில் இருக்கும். எங்களுக்கு நாற்பது பக்க நோட்டு. சமையல் அம்மா, டிரைவர், ஆயாக்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி எழுதினேன். எனக்குத் தெரியாதது எவ்வளவு இருந்தது! மூத்தவர் சிரித்துக்கொண்டே இருந்தால் காய்ச்சல் என்று அர்த்தம். இன்னொருவருக்குச் சட்டையின் கழுத்து லேபிளை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு முழுக்க ரகளை. இதைச் சொன்னது டிரைவர். அவரிடம் யாரும் கேட்டதில்லையாம், அதனால் சொல்லவில்லையாம்.

சோமனூரான் நோட்டில் அக்காவிடம் போனில் கேட்டு எழுதினேன். முறுக்கைக் கடிக்காவிட்டால் வாயைப் பார்க்கவும். மெஷின் ஓடினால் தூங்குவான். கரண்ட் போனால் கட்டில் சட்டத்தில் தட்டவும்.

அந்தச் சித்திரையில் ஒரு ராத்திரி நான் ஹோமிலேயே தங்கினேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது, சூட்டிகையானவள், நோட்டை வரி விடாமல் படித்திருந்தாள். பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. சோமனூரான் எழுந்து உட்கார்ந்தான். அவள் டார்ச்சோடு போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து சட்டத்தில் தட்டினாள். அவன் கொஞ்ச நேரம் கேட்டான். அப்புறம் அவள் கையைப் பிடித்து மெதுவாக நகர்த்தி வைத்தான். அவள் மறுபடி தட்டினாள். மறுபடி நகர்த்தினான்.

“எப்படி மேடம் தட்டணும்?” என்று கேட்டாள். நானும் தட்டிப் பார்த்தேன். என் கையையும் நகர்த்திவிட்டான். மணி பதினொன்றரை. அக்காவுக்கு இப்போது போன் போடலாமா, காலையில் ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடுமே என்று யோசித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம், மூன்று பேரும்.