ஏரி டிரவுட்டுக்கு 5-ஆ, 6-ஆ, 7-ஆ? தராசிலிருந்து படகு வரை

ஈ போலக் கட்டிய செயற்கை இரையை வீசி ஏரியில் டிரவுட் மீன் பிடிக்க உதவும் தூண்டில் கம்புதான் ஃப்ளை ராட். அதன் மீது அச்சிட்டிருக்கும் எண் ராடின் எடையைச் சொல்வதில்லை, தாங்கும் மீனின் எடையையும் சொல்வதில்லை. எவ்வளவு கனமான லைனுக்கு, அதாவது ஈயைச் சுமந்து போகும் தடித்த நூலுக்கு, அது சரியாக வளையும் என்பதுதான் அந்த எண். அதனால் முதல் சோதனை தராசில்.

லைனின் நுனியில் கூம்பாமல் நேராக வரும் சிறு துண்டை விட்டுவிட்டு, அங்கிருந்து 30 அடி அளந்து சுருட்டி, 0.1 கிராம் வரை காட்டும் தராசில் வைக்க வேண்டும். 5-ஆம் எண் என்றால் 9.1 கிராம், 6 என்றால் 10.4, 7 என்றால் 12, 8 என்றால் 13.6 இருக்க வேண்டும். பெட்டியில் 6 என்று போட்ட லைன் 12 கிராம் காட்டினால் தராசைச் சந்தேகிக்க வேண்டாம். தூரம் போகட்டும் என்று வேண்டுமென்றே கனமாகச் செய்யும் லைன்கள் உண்டு. அதை 6 ராடில் மாட்டிவிட்டு ராட் தொங்குகிறது என்று திட்டுவது அநியாயம்.

அடுத்து புல்வெளி. கொக்கிக்குப் பதில் கம்பளி நூல் கட்டி வீசலாம். 30 அடி காற்றில் இருக்கும்போது 6 ராட் அழகாக வேலை செய்யும். அதற்கு மேல் ஐந்தாறு அடி விட்டாலே ராடுக்கு ஒரு எண் கூடிய பாரம். ஏரியில் ஆற்றைவிட நீளமாகவே லைன் காற்றில் இருக்கும். 5 ராட் முதலில் திணறுவது இங்கேதான்.

இனி தண்ணீர். இங்கிலாந்தின் ரட்லண்ட் வாட்டர் சுமார் 1,260 ஹெக்டேர். காற்றை மறைக்க எதுவும் இல்லாத பரப்பு. ட்ரோக் (படகின் வேகத்தைக் குறைக்கத் தண்ணீரில் இழுபடும் குடை போன்ற துணி) கட்டிய படகு காற்றுக்குக் குறுக்காக மிதந்துபோக, காற்று போகும் திசையில் வீசுவார்கள். மிதக்கும் லைனுக்கு 6 போதும். மூழ்கும் லைன் வந்ததும் கதை மாறுகிறது. நொடிக்கு 7 அங்குலம் இறங்கும் லைன் 20 நொடியில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் ஆழம் போய்விடும். அதை அப்படியே இழுத்துத் தூக்கினால் தண்ணீரின் பிடியும் சேர்ந்து ராடை மடக்கும். லைனின் கனமான பகுதி ராடின் நுனி வளையத்துக்குப் பக்கத்தில் வரும்வரை கையால் இழுத்து, ஒன்றிரண்டு ரோல் காஸ்ட் (லைனைப் பின்னால் வீசாமல் முன்னே உருட்டிப் போடும் வீச்சு) போட்டு மேலே கொண்டுவந்த பிறகே பின்வீச்சு. இந்த வேலைக்கு 10 அடி நீள 7 ராட் வேண்டும். ஒரே ராட்தான் வாங்க முடியும் என்றால் அதுவே.

8 தேவைப்படுவது பெரிய ஈயோடு எதிர்காற்றில் கரையிலிருந்து வீசுபவருக்கு மட்டும். அதன் விறைப்புக்கு 3 பவுண்டு தாங்கும் நுனி நரம்பு (ஈயைக் கட்டும் மெல்லிய இழை) தாங்காது. மீன் இழுத்த வேகத்தில் அறும். 7 ராடுக்கு 6 பவுண்டு பொருந்தும். சிறிய குளத்தில் பஸ்ஸர் ஈயை (நீரில் வளரும் சிறு கொசு போன்ற பூச்சியின் கூட்டுப்புழு வடிவில் கட்டியது) மெதுவாக நகர்த்த 9 அடி 5 ராடே சுகம்.

இன்னொரு தொந்தரவு: மூன்று ஈ கட்டிய லீடர் (லைனின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பு) 15 அடிக்கு மேல் போகும், ராடோ 10 அடி. மீனை வலைக்குக் கொண்டுவரும்போது லைன்–லீடர் முடிச்சு வளையங்களுக்குள் வந்தே தீரும். முடிச்சு தடித்திருந்தால் நுனி வளையத்தில் சிக்கும். அந்த நேரம் பார்த்து மீன் ஓடினால் நரம்பு போகும். கட்டியதும் முடிச்சை வளையத்தில் நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டே படகில் ஏற வேண்டும்.