பத்துப் பேர் சேர்ந்தால்தான்

கொரோனா தடுப்பூசிக்கு வருகிறவரிடம் நாங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக இருந்தன. ஆதார், பிறந்த வருடம், போன் நம்பர். சுகர், பிரஷர் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, இப்போது காய்ச்சல் இருக்கிறதா. கோவின் இணையதளத்தில் ஏற்ற வேண்டியதை ஏற்றிவிட்டு ஊசி போட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்புவோம். எதற்காகப் போட்டுக்கொள்ள வந்தீர்கள் என்ற கேள்வி அந்த வரிசையில் கிடையாது. அதை நானாகக் கேட்க ஆரம்பித்தேன். 2021 மார்ச்சில் ஒரு கிழவி, கேட்காமலே தன் காரணத்தைச் சொன்னதிலிருந்து வந்த பழக்கம் அது.

வலங்கைமான் பக்கம் நான் கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்ஸம்மா. புதன்கிழமை பிள்ளைகளுக்கு ஊசி, மற்ற நாட்களில் கர்ப்பிணிகள் வீடு, சுகர் மாத்திரை, பிரசவக் கணக்கு என்று பல வருஷமாக ஓடுகிற வேலை. கொரோனா ஊசி முதலில் எங்களுக்கு, மார்ச் 1 முதல் 60 வயது தாண்டியவர்களுக்கு என்று வந்தது. முதல் வாரம் வந்தவர்களில் அந்த அப்பாயியும் ஒருவர். பேரன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

"பயமா இருக்கா அப்பாயி?"

"எனக்கென்ன தாயி பயம்? இங்க பாரு" என்று ரவிக்கைக் கையை மேலே ஏற்றினார். காலணா அளவுக்கு வட்டமாக ஒரு தழும்பு. கையெல்லாம் தளர்ந்து தொங்க, அந்த இடம் மட்டும் இறுகி, நடுவில் குழிந்து, வழவழவென்று இருந்தது. அம்மை குத்திய தழும்பு. அவருக்கு ஆறேழு வயதிருக்கும்போது அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்திருக்கிறார். இவர் அகப்பட்டுக்கொண்டார். தம்பியை மட்டும் ஆத்தா நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டார்.

"அடுத்த வருஷம் ஊருக்குள்ள அம்மா வந்தா. எனக்கு ஒரு முத்து விழல. அவனைக் கொண்டுபோயிட்டா. எங்காத்தா சாவுற வரைக்கும் அந்தக் குதிரைத் தொட்டதில்ல."

பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் வரவில்லை, 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது என்று பயிற்சியில் படித்திருக்கிறேன். பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அதற்கு ஒரு கை இருக்கிறது, குதிருக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன் இருந்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தழும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஊசியைப் போட்டேன். கிழவி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

சாமி நம்பிக்கை இருக்கிறவர்கள் ஊசிக்கு வரமாட்டார்கள் என்று அப்போது சிலர் பேசினார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படி இல்லை. வலங்கைமான் மாரியம்மனுக்குப் பங்குனியில் பாடைக்காவடி எடுப்பார்கள். சாகக் கிடந்து பிழைத்தவர், நேர்ந்துகொண்டபடி பாடையில் பிணம் போலப் படுப்பார். கொள்ளிச் சட்டியோடு உறவுக்காரர்கள் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். ஒருவர் என்னிடம், "அம்மாவுக்கும் நேர்ந்திருக்கேன், நீயும் போடு. ரெண்டுல எதுனால பிழைச்சாலும் பாடையில படுக்கப்போறது நான்தான்" என்றார். அவருக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இனி சொல்லப்போவதைச் சொல்வதற்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

மருந்துக் குப்பியை நாங்கள் இங்கிலீஷில் வயல் என்றுதான் சொல்வோம். கோவிஷீல்டு வயல் ஒன்றில் 10 டோஸ், ஆளுக்கு அரை மில்லி. நிதானமாக எடுத்தால் பதினோராவது டோஸும் கிடைக்கும். ஆனால் திறந்தால் 4 மணி நேரத்தில் முடித்தாக வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். எத்தனை வீண் என்று சாயந்திரமானால் மேலிருந்து போன் வரும். அதனால் பத்துப் பேர் சேராமல் வயலைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

ஏப்ரல் 1 முதல் 45 வயதானவர்கள் எல்லோருக்கும் என்று ஆனது. கூட்டம் வர ஆரம்பித்த நேரத்தில், நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேட்டி கொடுத்தார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி இறந்துவிட்டார். அவர் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு ஆராய்ந்து சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. ஏப்ரலில் அதைக் கேட்க யார் தயாராக இருந்தார்கள்? ஒரு ஊரே தன் வீட்டுப் பிள்ளையைப் பறிகொடுத்தது போல இருந்தது. கதவைத் தட்டினால் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்றார்கள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் முகாமுக்கு மொத்தம் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் சைக்கிளில் வந்திருந்தார். சுகர் உண்டு. காரணம் கேட்டேன். மகளுக்கு வைகாசியில் பிரசவம், பிறந்த வீட்டுக்கு வரப்போகிறாள், "புள்ளையக் கையில வாங்கணும்ல நர்ஸம்மா" என்றார். ஒரு மணி வரை காத்திருந்தோம். ஐந்தாவது ஆள் வரவில்லை. "வியாழக்கிழமை வாங்கண்ணே, ஆள் சேர்த்துவெக்கிறேன்" என்று நான்தான் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல். மே மாதம் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அன்றைக்கே போட்டிருந்தாலும் உடம்பில் எதிர்ப்பு உண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகும், முதல் டோஸ் மட்டும் அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. டாக்டரும் அதைத்தான் சொன்னார், எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் தானாக, ஒரு காரணத்தோடு வந்து நின்றார், நான் கணக்குப் பார்த்துத் திருப்பி அனுப்பினேன். மகளுக்கு வைகாசியிலேயே பிரசவம் ஆயிற்று. பேறுகாலப் பார்வைக்கு அந்த வீட்டுக்கு நான்தான் போக வேண்டும். போனேன். அவர் மனைவி மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, குழந்தையின் எடையைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ். மே மாதச் சாவுகளைப் பார்த்த ஊர் ஜூனில் எங்கள் வாசலில் விடியற்காலையிலேயே வரிசை கட்டியது, எங்களிடம் மருந்து இல்லை. டோக்கன் கொடுத்து, சண்டை தீர்த்து, திட்டு வாங்கிய நாட்கள் அவை. அதை விரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

நடவுக்காரப் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் குறுவை நடவு ஆரம்பித்துவிட்டது. வரப்பில் போய் நின்றுகொண்டு, "பத்துப் பேர் சேர்ந்தா வயலத் திறந்துடலாம், வாங்களேன்" என்றேன். பழக்கதோஷத்தில் வந்த பேச்சு. குனிந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். "எங்க வயலுக்கும் பத்துப் பேர்தான் நர்ஸம்மா, அதான் இங்க நிக்கிறோம்" என்று ஆட்களைக் கூட்டி வரும் அக்கா சொல்ல, ஒரே சிரிப்பு. அப்புறம் அவர் கேட்டார்.

"காச்சல் எத்தனை நாள் அடிக்கும்?"

"ஒரு நாள். சிலருக்கு ரெண்டு நாள்."

"நடவே பதினஞ்சு இருபது நாள்தான். அதுல ரெண்டு நாள் கூலிய யார் தருவா?"

என்னிடம் பதில் இல்லை. அவர்கள் ஊசிக்குப் பயந்தார்கள், அறியாமை என்றெல்லாம் சொல்வது சுலபம். என் பையில் இருந்த துண்டுப் பிரசுரத்தில் கூலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வழியையும் அந்த அக்காவே சொன்னார்: நடவு முடிகிற அன்று சாயந்திரம் வருகிறோம், களையெடுப்புக்கு நாள் கிடக்கிறது, காய்ச்சல் வந்தால் வீட்டில் கிடந்துகொள்கிறோம்.

சொன்னபடியே வந்தார்கள். முழங்கை வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது, அதற்கு மேலே கை சுத்தமாக இருந்தது. ஒவ்வொருவராக முந்தானையை விலக்கிக் காட்டினார்கள். அவர்களிடமும் கேட்டேன். ஒருத்தி மகன் காலேஜுக்குப் போகிறான் என்றாள், ஒருத்தி மாமியார் படுக்கையில் இருக்கிறார் என்றாள். கூட்டி வந்த அக்கா சொன்னதுதான் நினைவில் நிற்கிறது. "வரிசையில நிக்கிறவ ஒருத்தி விழுந்துட்டா பக்கத்துல நிக்கிறவதான் அவ பங்கையும் சேர்த்து நடணும். எனக்காக இன்னொருத்தி குனியக் கூடாது."

சமூக எதிர்ப்புச் சக்தி என்று எங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தார்கள்.

காரணங்களில் உயர்ந்தது தாழ்ந்தது பார்க்கிறவர்களும் உண்டு. "விசாவுக்காகப் போடுறான்", "ரேஷன்ல அரிசி நிறுத்திருவாங்கன்னு வர்றா" என்று கூட வேலை பார்ப்பவர்களே சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. துபாய்க்குத் திரும்ப வேண்டிய ஒரு பையன் கோவிஷீல்டுதான் வேண்டும், அங்கே கோவாக்சினை ஏற்கமாட்டார்கள் என்று மூன்று தடவை வந்து போனான். ஊரில் எல்லோருக்கும் இரண்டாவது டோஸுக்கு 84 நாள்; வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு 28 நாளில் போடலாம், சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கலாம் என்று ஜூனில் உத்தரவு வந்தபோது முதல் ஆளாக வந்தான். தங்கச்சி கல்யாணக் கடன் அவன் தலையில். விசா என்று அவன் சொன்னதற்கு அந்த வீடு என்று அர்த்தம்.

ஆவணியில் ஒரு நாதஸ்வரக்காரர் வந்தார். ஒன்றரை வருஷமாகக் கல்யாணம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிந்து, மேளம் வைப்பவர் இல்லாமல், செங்கல் சூளைக்குக் கணக்கு எழுதப் போயிருந்தாராம். எந்தக் கையில் போடுவீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். இடது கை என்றேன். நாலு நாளில் ஒரு முகூர்த்தம் இருக்கிறது, நாதஸ்வரத்தில் மேல் துளைகளை மூடுவது இடது கைதான், வலி நிற்குமா என்றார். "வலது கையில போடவா?" "அதுல பாரத்தைத் தாங்கணுமே." கொஞ்ச நேரம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு நாளில் வலி போய்விடும் என்று தைரியம் சொன்னேன். காரணத்தை ஒரே வரியில் சொன்னார்: "மூச்சுதாம்மா எனக்குச் சோறு. நுரையீரலைத் தின்கிற வியாதின்னாங்க." போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது, முழங்கால் மேல் அவர் விரல்கள் எதையோ வாசித்துக்கொண்டிருந்தன. விரலெல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டார் போல.

என் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் டோஸை நான் போட்டுக்கொண்டது பட்டியலில் பெயர் இருந்ததால். அன்று ராத்திரி மூன்று தடவை எழுந்து காய்ச்சல் பார்த்தேன். ஊருக்குத் தைரியம் சொல்கிறவள் பயப்படலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டாவது டோஸ் அம்மாவுக்காக. கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன். அம்மா கதவோரம் சாப்பாட்டை வைத்துவிட்டு, எட்டி உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பரிமாற வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

செப்டம்பர் 12-இல் தமிழ்நாடு முழுக்க முதல் மெகா முகாம் நடந்தது. அதில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அதற்கப்புறம் ஐப்பசி மழை. ஒரு நாள் காலையிலிருந்து விடாமல் பெய்ததில் துணை சுகாதார நிலையத்தில் நானும் அங்கன்வாடி ஆயாவும், ஊசிக்கு வந்த இரண்டு பேரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பதினொரு மணிக்குக் குடையை மடக்கிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். சைக்கிளில் வந்தவரின் மனைவி. அதுவரை நான் கூப்பிடாமல் இருந்தது அவரை மட்டும்தான். எந்த வாயால் கூப்பிடுவது?

பெஞ்சில் உட்காராமல், அங்கே இருந்தவர்களை எண்ணுவது போலப் பார்த்தார்.

"பத்துப் பேர் ஆயிட்டாங்களா நர்ஸம்மா?"

அந்த மனிதர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். கோபமாகக் கேட்கவில்லை, பத்துப் பேர் இல்லையென்றால் திரும்பிப் போகலாம் என்றுதான் கேட்டார்.

"ஆயிட்டாங்கக்கா, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, மருந்தைக் குளிரில் வைக்கும் கேரியரிலிருந்து வயலை எடுத்தேன். மூடியைக் கழற்றி நேரத்தைக் குறித்தேன். 11.10. அவரிடம் காரணம் கேட்கவில்லை. அரை மணி நேரம் ஆகும் வரை அவர் பக்கத்திலேயே இருந்தேன். பேத்திக்குப் பல் முளைத்திருக்கிறது என்றார்.

மூன்று பேருக்குப் போட்டாயிற்று, மிச்சம் ஏழு. கேரியரை ஸ்கூட்டியின் முன்னால் வைத்து, மழைக்கோட்டை அதன்மேல் போர்த்திவிட்டு நான் நனைந்துகொண்டு கிளம்பினேன். கீழத்தெருவில் இரண்டு, வாய்க்கால் கரையில் ஒன்று, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் மூன்று பேர். 3.10-க்கு இன்னும் கால் மணி இருந்தபோது, ஏப்ரலில் கதவைத் திறக்காத ஒரு வீட்டு வாசலில் நின்று கடைசி டோஸுக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.