60,000 ரூபாய் 76,000 ஆன கதை

2020 ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், பக்கத்து வீட்டுத் தம்பி வந்து, "அக்கா, கொஞ்சம் கணக்குப் பாத்துத் தர்றீங்களா?" என்று கேட்டான். நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவள். அவன் ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். ஊரடங்கில் வேலை போய் வீட்டோடு இருந்தான். கிரெடிட் கார்டில் கடன், அம்மாவுக்குத் தெரியாது என்று சொல்லும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது.

ஸ்டேட்மென்டுகளைத் திறந்தோம். பிப்ரவரியில் பாக்கி 60,000. அதுவரை மாதாமாதம் 'மினிமம் டியூ', அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 3,000 தவறாமல் கட்டியும் பாக்கி இறங்கவே இல்லையே என்பதுதான் அவன் கேள்வி. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 2,100. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 378. கட்டுகிற 3,000-இல் 2,478 இப்படியே போய்விடும். அசலில் குறைவது வெறும் 522. அதுவும் புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால்தான். பாக்கி நிற்கும்போது வாங்கினால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அவன் அம்மாவின் சுகர் மாத்திரைகூட அந்தக் கார்டில்தான் வாங்கியிருந்தான்.

அப்புறம் அந்தத் தவணை ஒத்திவைப்பு. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு அறிவித்தது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. கார்டு பாக்கிக்கும் அது உண்டு. தம்பி அதைத் தள்ளுபடி என்றே நினைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் தெருவில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. ஆறு மாதத்தில் பாக்கி 76,000-ஐத் தாண்டியிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். கடைசியில் நானும் கூடப் போனேன். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்காடா ஒழுங்கா சாப்பிடாம கெடந்த?" என்றார். திட்டவில்லை. கழுத்திலிருந்த மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார்.

வங்கியில் நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதத்துக்குள்தான் இருந்தது. கார்டுக்கோ 42. நகையை அடகு வைக்கச் சொல்வதற்கு எனக்கு மனசே வரவில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு வேறு வழி தெரியவில்லை. முழுப் பாக்கியையும் ஒரே தடவையில் கட்டி, கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தோம்.

இப்போதும் கார்டு கடனோடு யாராவது வருகிறார்கள். வசூல் ஆள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு மிரட்டுகிறான் என்று அழுகிறார்கள். 2022-இல் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லிவிட்டது: காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. தேதி, நேரம், நம்பர் எல்லாம் குறித்து வைத்து, முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வைக்கிறேன். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

தம்பிக்கு மறுபடி ஓசூரிலேயே வேலை கிடைத்தது. 2022 தைப் பொங்கலுக்கு முன்னால் நகையை மீட்டான். பொங்கல் அன்று அவன் அம்மா சங்கிலியைப் போட்டுக்கொண்டு, கரும்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.