ஹிர்ஷ்ஃபெல்ட் படம் ஏலத்துக்கு வருது

டிசம்பர் 2
ஏல கேட்லாக் வந்துருச்சு. புரட்டிட்டே வந்தவன் ஒரு பக்கத்துல அப்படியே நின்னுட்டேன். அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ஆல் ஹிர்ஷ்ஃபெல்டோட ஒரிஜினல், எழுத்தாளர் எஸ்.ஜே. பெரல்மன் 'ஹாலிடே' பத்திரிகைக்கு எழுதின நகைச்சுவைப் பயணக் கட்டுரைக்குப் போட்ட படம். ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்த மியூசிக்கல் நாடகம் 1946ல நியூயார்க்கோட பெரிய நாடக மேடையான பிராட்வேக்கு வந்து சேராமலே படுத்துருச்சு, அடுத்த வருஷம் ஹாலிடே செலவுல உலகம் சுத்தக் கிளம்பிட்டாங்க, ஒருத்தர் எழுத ஒருத்தர் வரைய. அதுதான் 1948ல 'வெஸ்ட்வர்ட் ஹா!'ன்னு புக்கா வந்துச்சு, பழைய காப்பி ஒண்ணு என்கிட்ட இருக்கு.

டிசம்பர் 6, சனி
நியூஜெர்சியில இருந்து டிரெயின் புடிச்சு மன்ஹாட்டன் போய், ஏலத்துக்கு முன்னாடி பார்வைக்கு வைக்கிற ப்ரிவ்யூல பார்த்துட்டேன்! புக்குல உள்ளங்கை அளவு, நேர்ல எவ்ளோ பெருசு. வட்டக் கண்ணாடியும் மீசையுமா பெரல்மன், பக்கத்துல தாடியோட ஹிர்ஷ்ஃபெல்ட், தன்னையும் விடாம வரைஞ்சுக்குவாரு மனுஷன். கொஞ்சம் சாஞ்சு வெளிச்சத்துல பார்த்தா தாடி ஓரத்துல வெள்ளை பெயிண்ட் பூசி அது மேல மறுபடி கோடு இழுத்திருக்காரு, எவ்ளோ பெரிய கை, அதுவும் ஒரு தடவை தடுமாறியிருக்கு, அதைப் பார்த்ததும் எனக்கு என்னமோ பண்ணிருச்சு. ஓரத்துல அச்சுக்கு எந்த அளவுக்குச் சின்னதாக்கணும்னு ப்ளூ பென்சில்ல குறிப்பு, அந்த நீலம் அச்சு பிளாக் செய்யப் படம் எடுக்குற கேமராவுல விழாது, அதான் அதுல எழுதுவாங்க.

1945ல பொறந்த மக பேரு 'நீனா'வை படத்துக்குள்ள ஒளிச்சு வைப்பாரு இல்லையா, சட்டை மடிப்பு, முடி சுருள் எல்லாம் தேடினேன், கிடைக்கல. எத்தனை நீனான்னு கையெழுத்துப் பக்கத்துல நம்பர் போடுற வழக்கம் பின்னாடி வந்தது.

டிசம்பர் 8
கணக்கு போட்டோம். 3000 டாலருக்கு எடுத்தா ஏலக்காரங்க கமிஷன் 25% சேர்த்து 3750, அதுக்கு மேல டாக்ஸ். வீட்ல அவ பேப்பரைப் பார்த்துட்டு, "3000க்கு மேல போகாதீங்க, ஆனா அது வரைக்கும் தயங்காம கேளுங்க"ன்னா.

டிசம்பர் 11, வியாழன்
போயிருச்சு. ரூம்ல கை தூக்கினது நானும் இன்னொருத்தரும்தான், அவர் 2000லயே விட்டுட்டாரு, அப்புறம் போன்ல ஒருத்தர் வந்தாரு, நான் 2800, போன் 3000, ஏலம் போடுறவர் என்னையே பார்த்துக்கிட்டு நிக்குறாரு, 3000 அவங்க கைக்குப் போனப்புறம் எனக்கு மிச்சம் என்ன இருக்கு, தலையை ஆட்டிட்டேன். ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது. யார் எடுத்தாங்கன்னு சொல்ல மாட்டாங்க. பணம் கூட பரவாயில்ல, யாரோ ஒருத்தர் ஹால்ல மாட்டிட்டா இனிமே அதை எங்க போய்ப் பார்க்கறது, ஒரு மியூசியமாவது எடுத்திருக்கணும்.

ராத்திரி வந்து புக்கை எடுத்து அந்தப் பக்கத்தை லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். தாடி ஓரம் ஒரே சீரா கருப்பா இருக்கு, பெயிண்ட் பூசின இடம் எதுன்னே தெரியல.