கேத்தி பள்ளத்தாக்கு ஓடையில் கல் எடுத்து அளந்து பார்த்தது

தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து ஓடை நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓடையில் மழையில்லாத நாட்களில் அடிவரை தெரியும், ஆனால் கீழே கிடக்கும் ஒரு கல்லைப் பிடித்து அசைத்தால் அது வராது, செம்மண்ணில் பாதிக்கு மேல் புதைந்திருக்கும்.

ஓடையின் நலத்தை மதிப்பிட நான் பயன்படுத்துவது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1999-ஆம் ஆண்டு படிவம். பத்து அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 20, மொத்தம் 200. சரிவில் வேகமாக ஓடும் ஓடைக்கு ஒரு படிவம், சமவெளிக்கு வேறு படிவம், நீலகிரிக்கு முதலாவதுதான். 100 மீட்டர் நீளத்தை அளந்துகொண்டு, தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்று, இடது கரை வலது கரை என்று பிரித்துக் கரை அரிப்பு, செடிகொடி, கரையோரப் பசுமையின் அகலம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். கரை முழுக்கப் பச்சையாக இருந்தால் மட்டும் போதாது, மண்ணுக்குரிய செடியா என்றும் படிவம் கேட்கிறது, அதனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரம் அடர்ந்த கரைக்கு நான் முழு மதிப்பெண் போடுவதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது கல் புதைவுதான். சலசலத்து ஓடும் இடத்தில் கல்லைச் சுற்றி மண் கால் பங்குக்குள் இருந்தால் 16 முதல் 20 வரை, முக்கால் பங்கைத் தாண்டினால் 5-க்குள். கல்லுக்கு அடியில் இருக்கும் இடுக்குகளில்தான் வால் நீண்ட இளம்பூச்சிகளும், மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் புழுக்களும் வாழ்கின்றன, மீனுக்குத் தீனியும் அவைதான். இடுக்கு அடைபட்டால் எல்லாம் போச்சு.

கண்ணளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் கூடவே அமெரிக்க ஆற்று ஆய்வாளர் வோல்மன் 1954-இல் சொன்ன கல் கணக்கையும் எடுக்கிறேன். ஓடையின் குறுக்கே அடிமேல் அடி வைத்து நடந்து, கீழே பார்க்காமல் கால் நுனியில் கைவிரலுக்கு முதலில் படும் கல்லை எடுத்து, அதன் நடு அச்சை, அதாவது மிக நீளமும் இல்லாமல் மிகக் குறுகலும் இல்லாமல் இடைப்பட்ட அகலத்தை, அளக்க வேண்டும். இப்படி 100 கல். 2 மில்லிமீட்டருக்குக் கீழே மணலும் வண்டலும், 64 வரை சரளை, 256 வரை உருண்டைக்கல், அதற்கு மேல் பாறை. பார்க்காமல் எடுப்பது அவசியம், பார்த்தால் கை தானாக அழகான கல்லுக்குத்தான் போகும்.

சோலைக் காட்டை ஒட்டி ஊர்ப்பாதை கடக்கும் இடத்திலும் (வனத்துறை எல்லைக்குள் அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது) தோட்டங்களுக்குக் கீழேயும் எடுத்துப் பார்த்தேன். மேலே பெரும்பாலும் உருண்டைக்கல், கையோடு வந்துவிடும். கீழே விரலுக்கு அடிக்கடி சேறுதான் பட்டது.

தோட்டக்காரர் ஒருவரிடம், பாத்தியை ஏன் சரிவின் போக்கிலேயே பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "தண்ணி நின்னா கிழங்கு அழுகிடும் தம்பி, அதான் மேலேருந்து கீழ" என்றார். அவர் சொல்வது நியாயம், மண் கரைந்து வருவதும் அதனால்தான். ஓடைக்கும் கடைசிப் பாத்திக்கும் நடுவே சில மீட்டராவது புல் விட்டால் வண்டலில் ஒரு பகுதி அங்கேயே தங்கும் என்று சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறேன் என்றார்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் வடிந்ததும் அதே இடங்களில் அதே வரிசையில் மறுபடியும் கல் எடுக்கப் போகிறேன். படம் எடுக்கும் இடத்துக்குக் கரைப் பாறையில் பெயின்ட் குறி வைத்தாகிவிட்டது.